மூச்சிளைப்பும் உடலிளைப்பும்: நாட்பட்ட நுரையீரல் நோயில் உணவு முறை

மூச்சு வாங்குவதையும் இளைப்பு என்கிறோம். உடல் மெலிவதையும் இளைப்பு என்கிறோம். நாட்பட்ட நுரையீரல் நோயில் இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சி.ஓ.பி.டி. எனப்படும் நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் தழும்பேறும் நோய், மூச்சுக்குழல் விரிவு நோய் போன்றவற்றோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் மெலியத் தொடங்கும்போது, "நோய் ஆளை உருக்குகிறது" என்று வீட்டார் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது. மெலிவின் ஒரு பகுதியையாவது உணவால் தடுக்க முடியும். அதற்கு என்ன உண்பது என்பதைப் போலவே எப்போது, எப்படி உண்பது என்பதும் முக்கியம்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் வழியும் விளங்கும். நலமாக இருப்பவருக்கு மூச்சு விடுவது பெரிய உழைப்பு இல்லை. அடைபட்ட மூச்சுக்குழல்கள் வழியாகக் காற்றை இழுத்துத் தள்ள வேண்டியவருக்கோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் தசைகள் ஓயாமல் உழைத்துக் கலோரிகளைச் செலவழிக்கின்றன. வெளியேற முடியாமல் தேங்கும் காற்றால் நுரையீரல் உப்பி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைக் கீழே அழுத்துவதால் இரைப்பை விரிய இடம் குறைகிறது. நான்கு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. மேலும், விழுங்கும் கணத்தில் எவருக்கும் மூச்சு நின்று தொடரும். மூச்சுக்கே தவிப்பவருக்கு அந்தச் சிறு நிறுத்தமும் சுமைதான். நோயின் அழற்சியும், நீண்ட நாள் எடுக்கும் பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளும் தசையைக் கரைக்கின்றன. உதரவிதானமும் ஒரு தசையே என்பதால், உடல் மெலியும்போது அதுவும் மெலிந்து, மூச்சு இன்னும் கடினமாகிறது.

ஆகவே முதல் வேலை எடையைக் கணக்கு வைப்பது. வாரத்தில் ஒரே நாளில், காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே எடைக்கருவியில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முயற்சி செய்யாமலே மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ, குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 10 சதவீதம் குறைந்தால் தாமதிக்கவே கூடாது. நோயின் தீவிரத்தைக் கணிக்க 2004இல் வெளியான போட் குறியீடு, மூச்சளவு, மூச்சுத்திணறல், நடக்கும் திறன் ஆகியவற்றோடு, உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியெண்ணையும் (பி.எம்.ஐ.) சேர்த்துக்கொண்டது. அந்த எண் 21 அல்லது அதற்குக் கீழே இருப்பது அதில் கூடுதல் ஆபத்தாகக் கணக்கிடப்படுகிறது. எனவே, மற்றவர்களுக்குப் பொருத்தமாகக் கருதப்படும் ஒல்லியான உடல்வாகு இந்நோயாளிக்கு நல்லது என்று எண்ணிவிட வேண்டாம்.

எடைக்கருவியும் ஏமாற்றக்கூடும். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து கால் வீங்கியிருந்தால், தசை கரைந்தாலும் நீர் சேர்ந்து எடை குறையாததைப் போலக் காட்டும். சில நாட்களுக்குள் எடை திடீரென ஏறினால் அது பெரும்பாலும் நீர்தான். உடனே மருத்துவரை அணுக வேண்டும். தொடையும் மேற்கையும் சூம்புகின்றனவா, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

இனி அளவு. மெலிந்துவரும் நோயாளிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், அரை லிட்டர் பாலில் 16 கிராமும் புரதம் இருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால், குறைவாகச் சாப்பிடும் ஒருவருக்கு இந்த அளவை எட்டுவது எவ்வளவு கடினம் என்று புரியும். அதனால் முட்டை, மீன், இறைச்சி, பால், தயிர், பருப்பு, பயறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும். சிறுநீரக நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

உண்ணும் முறையைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தட்டில் இருப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அந்தத் தட்டின் முன் ஒருவர் எந்த நிலையில் உட்கார்கிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. குளித்தோ நடந்தோ களைத்த உடனே சாப்பிட உட்காராமல், அரை மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு உட்கார வேண்டும். மூச்சுக்குழலை விரிக்கும் இன்ஹேலரை உணவுக்குச் சற்று முன்பு எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சளியை வெளியேற்றும் பயிற்சிகளை உணவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். உணவுக்குப் பின் செய்தால் வாந்தி வரக்கூடும். சளியின் சுவை வாயிலிருந்து போக, கொப்பளித்த பிறகே உண்ணலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கைகளை மேசைமேல் ஊன்றிக்கொண்டால் தோள் தசைகளும் மூச்சுக்கு உதவும். சிறு கவளமாக எடுத்து, மென்று, விழுங்கிய பின் மூச்சை வெளியே விட்டு, அடுத்த கவளத்துக்கு முன் ஒன்றிரண்டு மூச்சு இடைவெளி கொடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால் கையை நிறுத்திவிட்டு, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். பேச்சு பிறகு இருக்கட்டும்.

வீட்டில் ஆக்சிஜன் எடுப்பவர்கள் உணவு நேரத்தில் மூக்குக் குழாயைக் கழற்றி வைப்பதுண்டு. அது தவறு, சாப்பிடும்போதுதான் சிலருக்கு ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. அதே வேளையில், ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க அடுப்பருகே நிற்பது உயிருக்கே ஆபத்து என்பதால் சமையலை வேறொருவர் செய்ய வேண்டும்.

மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. எந்த நேரத்தில் மூச்சு ஓரளவு இலகுவாக இருக்கிறதோ, பலருக்கு அது காலை நேரம், அப்போதே சத்து மிகுந்த உணவைக் கொடுத்துவிட வேண்டும். நீரும் மோரும் இரைப்பையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை உணவோடு சேர்க்காமல் இடைவேளைகளில் அருந்தலாம். வயிறு உப்பச் செய்யும் உணவு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. கவனித்து அதை மட்டும் தவிர்த்தால் போதும்.

உணவின் அளவைக் கூட்ட முடியாதபோது அதன் செறிவைக் கூட்டலாம். அரை லிட்டர் பாலில் 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்தால் அதிலுள்ள புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்தப் பாலையே கஞ்சிக்கும் பானத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் 40 கலோரிக்கு மேல் கிடைக்கும். அரைத்த கொட்டைகள், மசித்த பருப்பு, அடித்த முட்டை ஆகியவையும் உணவின் பருமனை அதிகம் கூட்டாமல் சத்தைக் கூட்டும். இவ்வளவும் போதாதபோது மருத்துவர் ஆலோசனையுடன் சத்துப் பானங்கள் தரலாம். மெலிந்த சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு இத்தகைய கூடுதல் ஊட்டம் எடையைக் கூட்டுகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பு கண்டது. அவற்றை உணவுக்கு மாற்றாக அன்றி, வேளைகளுக்கு இடையில் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்ட வேண்டும் என்ற அறிவுரையைப் பலர் கேட்டிருப்பார்கள். மாவுச்சத்து எரியும்போது, எடுத்துக்கொண்ட ஆக்சிஜனுக்குச் சமமான அளவில், நுரையீரல் வெளியேற்ற வேண்டிய கரியமில வாயு உண்டாகிறது. கொழுப்பு எரியும்போது பத்துக்கு ஏழு என்ற அளவில்தான் உண்டாகிறது. கணக்கு சரிதான். ஆனால் நோய் நிலையாக இருப்பவரைப் பொறுத்தவரை, ஒரேயடியாக அதிகம் உண்பதுதான் கரியமில வாயுவின் சுமையைப் பெரிதும் கூட்டும். பசியே இல்லாதவரிடமிருந்து அவர் விரும்பும் சோற்றையோ ரொட்டியையோ இந்தக் காரணத்துக்காகப் பிடுங்குவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. பால் சளியைப் பெருக்கும் என்ற நம்பிக்கையும் அப்படிப்பட்டதே. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் சற்றுக் கெட்டியாகத் தோன்றலாம். வாயைக் கொப்பளித்தால் அது போய்விடும். அதற்காக எளிதில் கிடைக்கும் புரதத்தையும் கால்சியத்தையும் இழக்க வேண்டாம்.

மருந்துகளையும் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாவில் வெண்பூஞ்சை படர்ந்து உணவே வெறுத்துப்போகக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரைகள் எலும்பை மெலியச் செய்து சர்க்கரையையும் ஏற்றுவதால் கால்சியம், வைட்டமின் டி, இரத்தச் சர்க்கரை ஆகிய மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கும் கீழே இருப்பவர்களுக்கு அதைக் கொடுத்தபோது, நோய் திடீரென முற்றுவது குறைந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போதிய அளவு உள்ளவர்களுக்கு அந்தப் பயன் தெரியவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பாலோடு எடுத்தால் மருந்து சரியாக உடலில் சேராது. இடைவெளியை மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லா நோயாளிகளும் மெலிந்தவர்கள் அல்லர். எடை மிகுந்தவர்களுக்கு வயிற்றுச் சுமையே மூச்சை நெருக்கும். அவர்கள் மெதுவாக, புரதத்தைக் குறைக்காமல் எடையைக் குறைக்க வேண்டும். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

நோய் முற்றி மருத்துவமனை சென்று வரும் நாட்களே மிகவும் ஆபத்தானவை. உடலின் தேவை கூடும் அந்த நேரத்தில்தான் பசி அடியோடு போகிறது. அப்போது மென்மையான, செறிவான உணவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது கொடுங்கள். பல நாட்கள் ஏறக்குறைய எதுவுமே உண்ணாதிருந்தவருக்குத் திடீரென நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். குடிக்கும்போது இருமுவது, சாப்பிட்டபின் குரல் கரகரப்பது ஆகியவை உணவு மூச்சுக்குழலுக்குள் செல்வதன் அறிகுறிகளாக இருக்கலாம். விழுங்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உடல் தேறத் தொடங்கியதும் உணவோடு பயிற்சியும் சேர வேண்டும். பயிற்சி இல்லாமல் சேரும் எடையில் கொழுப்பின் பங்கே கூடுதலாக இருக்கும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை, அவர் அனுமதிக்கும் அளவில், நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வதில் தொடங்கி, ஓய்வெடுத்து மூச்சு சீரானதும் ஒரு கோப்பை செறிவூட்டிய பாலைக் கொடுங்கள். எத்தனை முறை எழ முடிந்தது என்பதை அந்த எடை நோட்டிலேயே பக்கத்தில் குறித்து வைத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எடுத்துச் செல்லுங்கள்.