இரவு ஏழரைக்கு அடுப்பை அணைத்தால் உடம்பு கொழுப்பைக் கையில் எடுக்கும்

கொழுப்பு வியர்வையாக உருகி வழிவதில்லை, பெரும்பாலும் மூச்சில்தான் போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாகும், மிச்சம் தண்ணீர். கடலூர் வெயிலில் தடித்த சட்டை போட்டு ஓடினால் கூடுதலாகக் குறைவது நீர் மட்டும்தான்.

சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கூடவே இன்சுலினும் ஏறும். கல்லீரல் சுமார் 100 கிராம் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். இன்சுலின் உயர்ந்திருக்கும்வரை கொழுப்புக் கிடங்கு பூட்டியே கிடக்கும். இரவு முழுக்க எதுவும் உள்ளே போகாவிட்டால் இன்சுலின் இறங்கும். கொழுப்பணுக்கள் கொழுப்பமிலங்களை ரத்தத்தில் விடும், தசைகள் அதை எரிக்கும். மூளைக்கு அந்த அமிலங்கள் நேரடியாகப் பயன்படாது. அதற்காக, பட்டினி நீளும்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரித்துக் கொடுக்கும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த இரவு விரதத்தைத் தொடங்கவே கூடாது. யாருக்காவது நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, விரதத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

படி 1: ஞாயிறு காலை, கழிவறை போய் வந்ததும், தொப்புள் மட்டத்தில் இஞ்ச் டேப்பால் இடுப்பை அளந்து எழுதுங்கள். எடையும் குறியுங்கள், ஆனால் டேப்பையே நம்புங்கள்.

படி 2: முதல் வாரம் 12 மணி நேரம். இரவு ஏழரைக்குள் 3 இட்லி, பருப்பு நிறைந்த சாம்பார், ஒரு முட்டை. மறுநாள் ஏழரை வரை தண்ணீர் மட்டும்.

பலருக்கும் சறுக்குவது காலை டீயில்தான். ஒரு கிளாஸ் டீயில் 2 டீஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம், அதோடு பாலின் சர்க்கரையும் சேரும். இன்சுலின் மறுபடி ஏறிவிடும். தண்ணீர் தவிர, பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பி மட்டும் குடிக்கலாம்.

படி 3: இரண்டாம் வாரம் காலை ஒன்பதரை வரை நீட்டினால் 14 மணி நேரம். இடையில் கடலூர் சில்வர் பீச்சிலோ, காலை ஏழரை வரை வண்டி விடாத புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ 30 நிமிடம் நடங்கள். பேச முடிகிற வேகம் போதும். தலை வலித்தால் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடியுங்கள் (ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்). நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது.

படி 4: விரதத்தை முடிப்பது. இதில்தான் கவனம் வேண்டும். பசியில் வெண்பொங்கலும் வடையும் இறங்கினால் மிச்சம் பிடித்த கலோரி ஒரே தட்டில் திரும்பிவிடும். முதலில் ஒரு டம்ளர் உப்பு மோர். பிறகு 2 முட்டை அல்லது ஒரு கப் சுண்டல், அதற்குப் பின் 2 இட்லி. மதியம் குழம்பில் போட்ட மத்தி மீன் 100 கிராம் இருந்தால் சுமார் 20 கிராம் புரதம் கிடைக்கும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். பண்ருட்டி முந்திரி நல்லதுதான், ஆனால் 30 கிராமிலேயே 160 கலோரிக்கு மேல் இருக்கிறது. எண்ணி எடுங்கள். நாள் முழுக்கச் சாப்பிடும் மொத்தம் குறையாவிட்டால் எத்தனை மணி நேரம் காத்திருந்தும் இடுப்பு குறையாது.

முதல் வாரத்தில் இறங்கும் ஒன்றிரண்டு கிலோவில் பெரும்பகுதி நீர்தான், ஏனென்றால் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஞாயிறு பிரியாணிக்குப் பிறகு திங்களன்று எடை ஒரு கிலோ ஏறி நிற்பதும் இதனால்தான். பதறி அன்றைக்குப் பட்டினி கிடக்காதீர்கள். வழக்கம்போல ஏழரைக்குச் சாப்பிட்டு முடித்து, புதன்கிழமை எடை பாருங்கள்.