நாட்டுத் துப்பாக்கியை முதல் தடவை வெடிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். அவன் அப்பா பெயரில் இருந்த பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி லைசென்ஸ் இப்போதுதான் அவன் பெயருக்கு மாறியிருக்கிறது. முதல் தடவை வெடித்த கதையை வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு, "எண்ணெய் போட்டு நல்லாத் துடைச்சு மாட்டிட்டேன் மாமா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையைத்தான் நானும் ஒரு காலத்தில் பெருமையாகச் சொன்னேன்.

குழலை ஆள் பக்கம் திருப்பாதே, விசையில் விரலை வைத்துக்கொண்டு நடக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீருக்குப் பயப்படுவது

என் வயிற்றெரிச்சல் இதில்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் ராகிக் கொல்லை காட்டை ஒட்டி இருக்கிறது. 2024 மார்ச்சில் ஒரு ராத்திரி, பன்றிகளை விரட்டச் சத்தத்துக்காக இரண்டு தடவை வெடித்தேன். மறுநாள் தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்துக் குழலுக்குள் விட்டு இழுத்தேன், கட்டையைப் பளபளவென்று துடைத்தேன். இரும்பில் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன், தண்ணீர் ஊற்றுவேனா? அந்த வாரமே நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள், லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கொடுத்துவிட்டு வந்தேன். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை, எல்லாம் முடிந்து கைக்கு வந்தபோது வெளியே ஒரு குறையும் இல்லை. டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தால் அம்மைத் தழும்பு போல அடிவரை குழி குழியாக அரித்திருந்தது. பொறி தரும் கேப்பை மாட்டுகிற சின்னக் குழாய்முனை, அதாவது நிப்பிள், மரையோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. ஸ்டேஷனில் ஈரம்பட வைத்துவிட்டார்கள் என்று நாலு பேரிடம் புலம்பினேன், தப்பு முழுக்க என்னுடையதுதான். தாத்தா காலத்துக் குழல், மூன்று மாதத்தில் போய்விட்டது.

விஷயம் இதுதான்: இந்தத் துப்பாக்கியில் போடுகிற வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து முழுதாகப் புகையாகிப் போவதில்லை, எடையில் பாதிக்கு மேல் உப்பும் கரியுமாகக் குழலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதில் பொட்டாசியம் கார்பனேட் என்று ஒன்று, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி இழுத்து இரும்பை நனைத்துக்கொண்டே இருக்கும். இந்த உப்புகள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயை மேலே பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடி போட்ட மாதிரிதான். அதனால் வெடித்த அன்றே, துப்பாக்கி காலிதான் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, நிப்பிளைக் கழற்றி, நன்றாகச் சுடும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை குழலைக் கழுவுங்கள். சுடுதண்ணீர் என்பதால் இரும்பு தானே சீக்கிரம் காயும். அப்புறம் எண்ணெய். மறுநாள் இன்னொரு தடவை துணி விட்டுப் பாருங்கள், பழுப்பாக வந்தால் திரும்பக் கழுவ வேண்டியதுதான். அமெரிக்காவில் கருமருந்து ரிவால்வர் வைத்திருப்பவர்களும் சிலிண்டரைக் கழற்றித் தண்ணீரில் கழுவுகிறார்கள். துப்பாக்கி வேறென்றாலும் மருந்து ஒன்றுதானே.

ஏற்றியதை மறப்பது

"ராத்திரி பன்றி வரலாம்" என்று குழல் வாய்வழியே மருந்தை இடித்து ஏற்றி மூலையில் சாத்திவிட்டு, பன்றி வராமல் போய், ஒரு வாரம் கழித்து மறுபடி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குழலில் இரட்டை மருந்து. இது ஏதோ நம் ஊர்க்காரர்களின் மறதி என்று நினைக்காதீர்கள். 1863-இல் அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகள் 27,000-க்கு மேல், அதில் 24,000 வாக்கில் ஏற்றியபடியே கிடந்தன, அவற்றிலும் பாதியில் இரண்டு தடவை ஏற்றியிருந்தது. பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கே பதற்றத்தில் அந்த நிலைமை. நான் செய்வது இது: காலிக் குழலில் இடிக்கும் கம்பியை அடிவரை விட்டு, வாய்விளிம்பு படும் இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் கம்பியை விட்டுப் பார்ப்பேன். கோடு உள்ளே போகாமல் வெளியே நின்றால் குழலில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

கேப்பு வெடித்தும் துப்பாக்கி வெடிக்காவிட்டால்

உடனே இறக்கி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். மருந்து நமத்திருந்தால் நெருப்பு மெல்ல ஏறும். எனக்கு ஒரு தடவை, "சே, போச்சு" என்று சொல்லி முடித்த பிறகு வெடித்தது. நல்லவேளை, குழல் மேட்டைப் பார்த்திருந்தது. ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிடத்துக்கு மேல் நில்லுங்கள், கை வலித்தாலும் பரவாயில்லை.

டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவது

உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் போதும், டப்பாவே கையில் வெடிக்கும். அளவுக் குப்பியில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும்.

தோட்டாவைப் பிரித்து அந்த மருந்தைப் போடுவது

கூடாது. குழல் கிழியும்.

வைக்கோல் போர் பக்கத்தில் வெடிப்பது

மருந்துக்கு மேல் அடைத்த காகிதம் எரிந்துகொண்டேதான் வெளியே வரும்.

லைசென்ஸ் இருக்கிறதே என்று பன்றியைச் சுடுவது

1959 ஆயுதச் சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழி செய்கிறது. விலங்கைத் தொட்டால் 1972 வனவிலங்குச் சட்டம், அது தனி வழக்கு.

அக்கா மகனைச் சாப்பிடக்கூட விடாமல் வீட்டுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் செய்தான்: "மாமா, மூணு குடம் தண்ணி ஆச்சு, துணி இன்னும் கறுப்பாத்தான் வருது."

"நாலாவது குடத்தை அடுப்பில் வை" என்றேன்.