அட்மிஷன் காசை விடுங்க, பிள்ளை படிப்பு தீபாவளி தாண்டுமா என்று பாருங்க

திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, சேர்த்த எவ்வளவு ஆகுமுங்க?"

அரசு கலைக் கல்லூரி என்றால் விண்ணப்பத்துக்கு 50 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 2 ரூபாய். டியூஷன் ஃபீஸ் இல்லை, மற்ற கட்டணங்களும் சில்லறைதான். பிள்ளைகள் பாதியில் நிற்பது அதற்குப் பிறகு வரும் செலவால். பஸ், மதியச் சாப்பாடு, செமஸ்டருக்கு ஒருமுறை பரீட்சை ஃபீஸ். கை வறண்ட நேரத்தில் பனியன் கம்பெனியின் சனிக்கிழமைச் சம்பளம் கண்ணில் படும். அங்கே தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிற பையன் திரும்பி வகுப்புக்கு வருவது அபூர்வம்.

அதனால் கல்லூரியை டிக் அடிக்கும் முன் வழியைப் பாருங்கள். திருப்பூர் சிக்கண்ணா அரசுக் கல்லூரியோ எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியோ, ஒரே பஸ்ஸில் போய் வர முடிகிற இடம் பாதி செலவை மிச்சம் பிடிக்கும். அரசுக் கல்லூரி என்றால் இலவச பஸ் பாஸும் உண்டு. கோயம்புத்தூர்தான் என்று பிடிவாதம் பிடித்தால் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கோ ஆதிதிராவிடர் நல விடுதிக்கோ சேர்ந்த கையோடு எழுதிப் போடுங்கள். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, அரசு மாதாமாதம் தரும் 1,000 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டம், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். இரண்டாவது திட்டத்தை 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள். பணம் ஆதார் இணைத்த கணக்குக்கே வரும். அப்பா பேரில் இருக்கிற கணக்கைக் கொண்டுவந்து நீட்டாதீர்கள். பிள்ளை பேரில் ஒன்று திறந்து, ஆதார் இணைந்துவிட்டதா என்று பேங்கிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். தொகை நின்றுபோனதாக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு இங்கேதான்.

இன்ஜினியரிங் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கவுன்சலிங்கில் அதன் வழியே இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு பொறுப்பு. அதற்கு மேல் காலேஜில் ஏதாவது கேட்டால், சரி என்று உடனே எடுத்துக் கொடுத்துவிடாமல் எதற்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் போட்டு வையுங்கள். ஜூனில் விஏஓ ஆபீஸில் கூட்டம் தாங்காது.