ட்ரெயின் சிம் வேர்ல்ட்: புதிதாக ஓட்டுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ரயில் ஓட்டும் வீடியோ கேமான ட்ரெயின் சிம் வேர்ல்டுக்கு வருகிறவர்களில் பலர் கார் பந்தய விளையாட்டுகளில் பழகியவர்கள். வேகம் எடுப்பதில் அவர்களுக்குச் சிரமமே இல்லை. நிறுத்துவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வேகம் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளியும் வண்டி நகரவில்லை என்றால் விளையாட்டைக் குறை சொல்ல வேண்டாம். முன்னே, பின்னே என்று திசை மாற்றும் ரிவர்சர் நடுவில் நிற்கும், இல்லையென்றால் கதவு திறந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் கை பிரேக் போட்டபடியே இருக்கும். பயிற்சிப் பாடத்தைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு அரை மணி நேரம் இதிலேயே போய்விடும்.

பெரிய தவறு பிரேக்கில். அமெரிக்காவின் சாண்ட் பேட்ச் கிரேடு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் அலிகேனி மலையைக் கடக்கும் உண்மையான சரக்குத் தடம் அது. உச்சியிலிருந்து கிழக்கே கம்பர்லாந்து பக்கம் இறங்கும்போது, நிலக்கரி ஏற்றிய வேகன்கள் பின்னாலிருந்து தள்ளும். புதியவர் என்ன செய்கிறார்? வேகம் ஏறினால் பிரேக் போடுகிறார், குறைந்தால் எடுக்கிறார், மறுபடி போடுகிறார். மூன்றாவது முறை பிரேக் பிடிக்காது.

காரணம் எளிது. ஒவ்வொரு வேகனிலும் ஒரு காற்றுத் தொட்டி இருக்கிறது. பிரேக் போடும்போது அதிலிருந்துதான் காற்று செலவாகிறது. பிரேக்கை எடுத்த பிறகு அது மறுபடி நிரம்ப நேரம் பிடிக்கும். நீளமான வண்டியில் நிமிடக்கணக்கில். அதற்குள் அடுத்த பிரேக் போட்டால் தொட்டியில் பாதிக் காற்றுதான் இருக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கச் சரக்கு வண்டியில் பிரேக்கைக் கொஞ்சமாகத் தளர்த்த வழியில்லை. எடுத்தால் முழுக்க எடுபட்டுவிடும். ஐரோப்பியப் பயணிகள் வண்டியில் படிப்படியாகத் தளர்த்தலாம். அந்தப் பழக்கத்தோடு சாண்ட் பேட்ச் வந்தால் சிக்கல்தான்.

சரியான வழி இதுதான்: சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வேகன்கள் எல்லாவற்றையும் பிடிக்கும் காற்று பிரேக்கை, அதாவது வண்டி பிரேக்கை, லேசாக ஒருமுறை போட்டு அப்படியே விடுங்கள். மிச்சத்தை டைனமிக் பிரேக்கால் கூட்டிக் குறையுங்கள். அது மோட்டார்களையே ஜெனரேட்டராக மாற்றி வேகத்தைப் பிடிப்பது, காற்று செலவாகாது. வண்டி பிரேக் போடும்போது இன்ஜின் சக்கரங்களிலும் பிரேக் ஏறும். அதை மட்டும் விடுவிக்கத் தனி வசதி இருக்கிறது, மறக்காதீர்கள்.

பிளாட்பாரத்தில் வண்டியை நிறுத்தும்போதும் கதை இதேதான். திரையில் தெரியும் தூரத்தை மட்டும் பார்த்துக் கடைசி நேரத்தில் அழுத்துவார்கள். பக்கத்திலேயே சரிவு எவ்வளவு என்றும் காட்டுகிறது, அதைப் பார்ப்பதில்லை. இறக்கத்தில் இருக்கும் நிலையத்துக்கு இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டும்.

ஜெர்மன் பாதைகளில் பிஇசட்பி என்ற பாதுகாப்பு அமைப்பு உண்டு. ஓட்டுநர் சிக்னலை மதிக்காவிட்டால் தானே பிரேக் போடுவது அதன் வேலை. இதை முதல் நாளே போட்டுக்கொண்டு திணறுவது ஒரு தவறு, கடைசிவரை போடாமலே ஓட்டுவது இன்னொரு தவறு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். ஜெர்மன் பாதையின் சுவையே அதில்தான் இருக்கிறது. எச்சரிக்கை சிக்னலில் தண்டவாளத்தை ஒட்டி வைத்திருக்கும் 1000 ஹெர்ட்ஸ் காந்தத்தைத் தாண்டியதும் 4 விநாடிக்குள் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். வேகமான பயணிகள் வண்டி என்றால் 23 விநாடிக்குள் மணிக்கு 85 கிலோமீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். இதுவரை பலரும் சரியாகச் செய்வார்கள். அப்புறம், சிக்னல் மாறுவதற்கு முன்பே பொறுமையிழந்து, இந்த வேகக் கட்டுப்பாட்டை நீக்கும் விடுவிப்புப் பொத்தானை அழுத்திவிடுவார்கள். சிவப்பு சிக்னலுக்கு முன்னால் உள்ள 500 ஹெர்ட்ஸ் காந்தம் வேலை செய்துகொண்டிருந்தால் அவ்வளவுதான், எமர்ஜென்சி பிரேக் விழும்.

சிவப்பு சிக்னலில் வெகுநேரம் நின்றால் அதைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றும். தாண்டினால் ஆட்டம் முடிந்தது. டேப் விசையை அழுத்தி சிக்னல்காரரிடம் அனுமதி கேளுங்கள்.

கடைசியாகப் பணம். 2022, 2023, 2024 என்று வருடம் தவறாமல் புதுப் பதிப்பு வந்தது. பழைய பதிப்பில் வாங்கிய பாதைகளில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும் என்பது தெரியாமல் மறுபடி வாங்குகிறவர்கள் உண்டு. சில பாதைகளின் கால அட்டவணையில் வரும் சில வண்டிகள், வேறொரு பாதையையும் வாங்கியிருந்தால்தான் தோன்றும். இதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை மெனுவிலேயே கழிக்காமல், நேராக ஒரு கால அட்டவணை வண்டியை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.