ஜிம்னிக்கு 2 அங்குல லிஃப்ட், 235 டயர்: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

ஸ்ப்ரிங்கை உயரமாக்கினால் வண்டியின் அடிப்பாகம் மொத்தமும் மேலே போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. மாருதி சுசுகியின் நான்கு சக்கர இயக்க வண்டியான ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதாவது இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு. 50 மி.மீ. உயரமான ஸ்ப்ரிங் போட்டால் சேசிஸ், பாடி, பம்பர் எல்லாம் 50 மி.மீ. ஏறும். ஆனால் பாறையில் முதலில் இடிக்கிற டிஃபரன்ஷியல் ஹவுசிங் (ஆக்சிலில் பல்சக்கரங்கள் உள்ள உருண்டைப் பெட்டி) இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். லிஃப்ட், அதாவது இப்படி வண்டியை உயர்த்துவது, எதற்கென்றால், பெரிய டயர் சுற்ற இடம் கிடைக்கும். மேட்டைத் தாண்டும்போது நடுவயிறு தட்டாது. 5 கதவு ஜிம்னி முன்பக்கம் தட்டாமல் ஏறக்கூடிய ஏறுகோணம் 36 டிகிரி, பின்பக்கம் தட்டாமல் இறங்கும் இறங்குகோணம் அதைவிட அதிகம், மேட்டின் உச்சியில் நடுவயிறு தட்டாமல் தாண்டும் நடுவயிற்றுக் கோணம் வெறும் 24 டிகிரி. அந்த 24தான் இந்த வண்டியின் பலவீனம்.

முதலில் டயர் கணக்கு

கம்பெனி டயர் 195/80 ஆர்15. அதாவது அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம். அதன் விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703.5. விட்டத்தில் கூடுவது 10.5 மி.மீ., தரையிடைவெளியில் அதில் பாதிதான். இதற்கு லிஃப்டே வேண்டாம், பழைய ரிம்மிலேயே உட்காரும். 235/75 ஆர்15 என்றால் விட்டம் 733.5 மி.மீ. ஹவுசிங்குக்குக் கீழே 20 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். பாறைப் பாதையில் இந்த 20 பெரிய வித்தியாசம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஜிம்னியின் ரிம் அகலம் 5.5 அங்குலம். 235/75 டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும். ஒடுக்கமான ரிம்மில் ஏற்றினால் டயர் நடுவில் உப்பி, தரையில் ஓரம் படாமல் நடுப்பகுதி மட்டும் தேயும். காற்றைக் குறைத்து மணலில் ஓட்டும்போது ரிம்மை விட்டுக் கழலவும் வாய்ப்புண்டு. ஆகவே 6 அங்குல அகலம், 5 துளை, 139.7 மி.மீ. துளைவட்டம் உள்ள ரிம் வாங்குங்கள். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு) 0 போதும். கம்பெனி ரிம்முக்கு அது 5. இந்த மாற்றத்தில் ரிம்மின் வெளிவிளிம்பு சுமார் 11 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 1 மி.மீ. சொச்சம் உள்ளே போகும். அதற்கு மேல் வெளியே தள்ளினால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

டயர் 5 வாங்க வேண்டும். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், பஞ்சரான அன்று நான்கு சக்கர இயக்கத்தைத் தொடக்கூடாது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி இது. சக்கர அளவு மாறினால், முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படலாம், வாரண்டியும் பாதிக்கப்படலாம். காசு செலவழிக்கும் முன் ஆர்டிஓவிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை

காயில் ஸ்ப்ரிங் 4, அதற்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பர் 4, உயரமான பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் ரப்பர்), முன் லீடிங் ஆர்முக்கு (முன் ஆக்சிலை சேசிஸோடு பிணைக்கும் கை) காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) திருத்தும் புஷ் (மூட்டில் உள்ள ரப்பர் உருளை), நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று, பிரேக் ஹோஸ் பிராக்கெட்டை இறக்கும் பட்டைகள். பழைய ஸ்ப்ரிங்குக்கு மேல் ரப்பர் கட்டை வைத்துத் தூக்கும் கிட் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். ஷாக் பழைய நீளத்திலேயே இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் முழுக்க நீண்டு 'டக்' என்று அடிக்கும், சீக்கிரம் ஆயிலும் கக்கும்.

ஸ்ப்ரிங் வாங்கும்போது முன்பக்கம் இரும்பு பம்பரும் வின்ச்சும் உண்டா என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவை இல்லாத, சுமார் 1,200 கிலோ எடையுள்ள வண்டிக்குச் சுமை ஸ்ப்ரிங் போட்டால் உயரம் 50க்குப் பதில் 70 ஆகிவிடும், சவாரியும் கல்லாக இருக்கும்.

கருவிகள்: 2 டன் டிராலி ஜாக்கி, சேசிஸைத் தாங்கும் உயரத்துக்கு 4 ஸ்டாண்டு, சக்கரக் கட்டைகள், 14, 17, 19 சாக்கெட்டுகள், நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்), துரு இளக்கும் ஸ்ப்ரே. முதல் நாள் இரவே எல்லா போல்ட்டிலும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள்.

அளவெடுப்பு

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு மூலையிலும் சக்கர நடுப்புள்ளியிலிருந்து ஃபென்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாறியதும் அந்தக் கணக்கு குழம்பிவிடும். வீல் அலைன்மென்ட் ரிப்போர்ட் ஒன்றும் எடுத்து வையுங்கள். பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

பின்பக்கம்

சுலபமானதால் பின்பக்கத்தில் தொடங்குங்கள். கைபிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் தூக்கியதும் அது உதவாது. முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுங்கள்.

சேசிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாக்கியை ஆக்சிலுக்குக் கீழே கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றுங்கள். ஏபிஎஸ் ஒயர் கிளிப், பிரேக் ஹோஸ் பிராக்கெட், டிஃபரன்ஷியலுக்கு மேலே போகும் மூச்சுக்குழாய் மூன்றையும் முதலில் விடுவியுங்கள். ஆக்சில் இறங்கும்போது அறுவது இவைதான். பான்ஹார்ட் ராடின் ஆக்சில் பக்க போல்ட்டைக் கழற்றி, ட்ரெயிலிங் ஆர்ம் (பின் ஆக்சிலை சேசிஸோடு பிணைக்கும் கை) போல்ட்டுகளைத் தளர்த்தி, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுங்கள். ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்ப்ரிங் தானே தளர்ந்து கையோடு வரும். ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் தனித்தனியாக இருப்பதால் ஸ்ப்ரிங் அமுக்கி தேவையில்லை.

பழைய ரப்பர் தட்டைப் புதிய ஸ்ப்ரிங்குக்கு மாற்றுங்கள். ஸ்ப்ரிங்கின் வெட்டிய நுனி, கீழ்த்தட்டில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் ஸ்ப்ரிங் பிறகு சுழன்று உட்காரும். ஒரு மூலை தாழும், சத்தமும் வரும். புதிய ஷாக், பம்ப் ஸ்டாப், பான்ஹார்ட் ராடு மாட்டுங்கள். புஷ் உள்ள எந்த போல்ட்டையும் இப்போது இறுக்காதீர்கள், கைமுறுக்கு போதும்.

முன்பக்கம்

பின்சக்கரங்களை மாட்டி இறக்கி, அவற்றுக்குக் கட்டை கொடுத்துவிட்டு முன்னுக்கு வாருங்கள். வேலை அதேதான். வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசரின் லிங்க்கையும் கழற்ற வேண்டும், ஷாக்கின் மேல் நட்டுக்கு பானெட்டைத் திறக்க வேண்டும்.

நேரம் எடுப்பது காஸ்டர். லீடிங் ஆர்ம் பின்னால் சேசிஸில் மாட்டி முன்னால் ஆக்சிலைப் பிடிக்கிறது. சேசிஸ் ஏறும்போது ஆக்சிலின் மேற்பக்கம் முன்னோக்கிச் சாயும். ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் குணம் குறைந்து, வேகத்தில் வண்டி அலையும். துளை நடுவிலிருந்து விலகியிருக்கும் புஷ் இதைச் சரிசெய்கிறது. ஆர்ம்களை ஒன்று முடித்த பிறகே மற்றொன்று எனக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறையில் பழையதை எடுத்துப் புதியதை ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஓடு நசுங்கும். புஷ்ஷில் உள்ள குறியை கிட்டின் படத்தோடு ஒப்பிட்டு, பிரஸ் அழுத்தும் முன் இரண்டு முறை பாருங்கள். தலைகீழாக ஏறினால் போன காஸ்டர் திரும்புவதற்குப் பதில் இன்னும் போகும். மறுபடி பிரஸ் போட்டுப் பிதுக்கி எடுக்க வேண்டியதுதான்.

எடை இறங்கிய பின்தான் இறுக்கம்

இந்த ஒரு வேலையை அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. உள்குழாய் போல்ட்டால் இறுகிவிடும், வெளி ஓடு ஆர்மோடு போகும், நடுவில் உள்ள ரப்பர்தான் திருகும். ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். சில மாதத்தில் ரப்பரில் பிளவு வரும், அதுவரை வண்டி உயரமும் பொய் சொல்லும்.

ஆகவே நான்கு சக்கரமும் தரையில் படும்படி இறக்கி, பம்பரை அழுத்தி நாலைந்து முறை ஆட்டி, வண்டியைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, ஆர்ம், பான்ஹார்ட், ஷாக் கீழ் போல்ட்டுகளை சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். வீல் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில்.

நடுப்படுத்தல்

சேசிஸ் ஏறியதும் பான்ஹார்ட் ராடு கூடுதலாகச் சாய்ந்து, ஆக்சிலை சேசிஸ் முனை இருக்கும் பக்கமாக இழுக்கும். ஃபென்டர் விளிம்பிலிருந்து தூக்குநூல் விட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளங்கள். வித்தியாசம் 12 மி.மீ. என்றால் ஆக்சில் நகர்ந்தது 6. அந்த அளவுக்கு ராடை நீட்டி லாக் நட்டை இறுக்குங்கள்.

ஸ்டியரிங் சக்கரமும் கோணலாக நிற்கும். அதை வீலைக் கழற்றி மாட்டித் திருத்தாதீர்கள். கோண சென்சார் குழம்பி, வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பியின் எச்சரிக்கை விளக்கு எரியும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கில் (drag link) நீளத்தைச் சரிக்கட்டும் குழலைத் திருகித்தான் நேராக்க வேண்டும். பிறகு அலைன்மென்ட்.

உரசல் சோதனை

புதிய டயரோடு ஒரு முன்சக்கரத்தை உயரமான கட்டையில் ஏற்றி, இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பம்பரின் உள் மூலை, ஃபென்டர் உட்புற பிளாஸ்டிக், லீடிங் ஆர்ம் மூன்றிலும் உரசல் தடம் தேடுங்கள். பிளாஸ்டிக்கைச் சுண்ணக்கட்டியால் குறித்து வெட்டலாம். ஆர்மில் உரசினால் ஸ்டியரிங் திருப்பத்துக்கு எல்லை வைக்கும் போல்ட்டைச் சற்று நீட்டுங்கள், திருப்புவட்டம் கொஞ்சம் பெரிதாகும். கீழே தொங்கும் சக்கரத்தில் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்றும் விரலால் தொட்டுப் பாருங்கள். விறைத்தால் பிராக்கெட் பட்டை போடாமல் வண்டியை எடுக்கக்கூடாது.

ஹெட்லைட்டைக் கீழே இறக்குங்கள், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்பீடோமீட்டர் பழைய டயரோடு ஒப்பிட 5.5 சதவீதம் குறைத்துக் காட்டும். 134 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கு கியரும் 5.8 சதவீதம் நீண்டதுபோல் ஆகும். மலைப்பாதையில் ஒரு கியர் முன்கூட்டியே இறக்க வேண்டிவரும்.

100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் வீல் நட்டையும் மறுபடி டார்க் பாருங்கள். 1,000 கி.மீ.யில் இன்னொரு முறை. அப்போது ஸ்ப்ரிங்கும் கொஞ்சம் அமர்ந்திருக்கும். முதலில் எழுதிவைத்த நான்கு அளவோடு ஒப்பிட்டு, பான்ஹார்டையும் அலைன்மென்டையும் மறுபடி சரிபாருங்கள்.