வெப்ப இயக்கவியல்: கணக்குப் போடும் முன் ஒரு கோடு போடுங்கள்

காய்ச்சலில் உடம்பு சூடு, டீ சூடு, அடுப்புச் சூடு என்று வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் சேர்த்து ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். பிளஸ் ஒன்னில் இந்தப் பாடம் வந்ததும் இடறுவது அங்கேதான், அதனால் முதலில் இந்த இரண்டையும் பிரித்துவிடுவோம்.

உலை கொதிக்கிறது. அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது, வெப்பமும் போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டால் 100 டிகிரி பக்கத்திலேயே நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாக சுமார் 2,260 ஜூல் வேண்டும், வருகிற வெப்பம் அதற்கே சரியாகப் போகிறது. இப்போது சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக நாலு அழுத்து அழுத்துங்கள். உள்ளே காற்றின் வெப்பநிலை ஏறும், யாரும் தீ மூட்டவில்லை (உராய்வும் கொஞ்சம் சேரும், அதை விடுங்கள்). வெப்பம் கொடுத்தும் வெப்பநிலை ஏறவில்லை, கொடுக்காமலே ஏறுகிறது. ஆகவே வெப்பம் என்பது பொருளுக்குள் இருக்கிற சரக்கு இல்லை. வெப்பநிலை வேறுபாட்டால் எல்லையைத் தாண்டிப் போகும் ஆற்றல். உள்ளே இருப்பதற்குப் பெயர் அக ஆற்றல்.

எந்த எல்லை? அதை நீங்கள்தான் போட வேண்டும். கணக்கைப் படித்ததும் சூத்திரம் தேடாதீர்கள், படம் வரைந்து சுற்றிலும் புள்ளிக்கோடு போடுங்கள். கோட்டுக்குள் அமைப்பு, வெளியே சூழல். பாதிப் பேர் இதைச் சிறுபிள்ளை வேலை என்று விட்டுவிட்டு நடுவழியில் கூட்டலா கழித்தலா என்று விழிப்பார்கள்.

முதல் விதி: அக ஆற்றல் மாற்றம் = உள்ளே வந்த வெப்பம் − அமைப்பு செய்த வேலை. இது இயற்பியல் புத்தகத்தின் வழக்கம். வேதியியல் புத்தகத்தில் கழித்தலுக்குப் பதில் கூட்டல் இருக்கும், ஏனென்றால் அங்கே வேலை என்பது அமைப்பின் மீது செய்யப்பட்டது. இரண்டும் சரிதான், ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலந்தால்தான் வம்பு.

ஒரு கணக்கு போடுவோம். 1 மோல் ஹீலியத்தை அழுத்தம் மாறாமல் 100 கெல்வின் சூடேற்றுகிறோம். வேலை வாயு மாறிலி × வெப்பநிலை ஏற்றம் = 8.314 × 100, அதாவது சுமார் 831 ஜூல். ஓரணு வாயு என்பதால் அக ஆற்றல் அதில் ஒன்றரை மடங்கு, 1,247 ஜூல் ஏறும். ஆக நாம் கொடுத்தது 2,078 ஜூல். அதே வாயுவை மூடிய உருளையில் பருமன் மாறாமல் சூடேற்றினால் வேலை சுழி, 1,247 ஜூலே போதும். வாயுவுக்கு ஏன் இரண்டு தன்வெப்பம் (வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்ற வேண்டிய வெப்பம்) என்று மனப்பாடம் செய்தீர்களே, காரணம் இவ்வளவுதான்.

சமவெப்ப நிகழ்வில், அதாவது வெப்பநிலை மாறாதபோது, நல்லியல்பு வாயுவின் (மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்காத கற்பனை வாயு) அக ஆற்றல் மாறாது, வந்த வெப்பம் முழுக்க வேலையாகப் போகும். வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வில் வெப்பம் சுழி. பம்பு அப்படித்தான், வேகமாக அழுத்தியதால் வெப்பம் வெளியேற நேரமில்லை. அழுத்தம்-பருமன் வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வேலை.

அப்புறம் கார்னோ. வெப்பத்தை வேலையாக்கும் எந்திரத்தின் திறனுக்கு ஓர் உச்சம் உண்டு என்று 1824-இல் அவர் சொன்ன யோசனை, இன்றும் மதிப்பெண் போவது செல்சியஸால். உச்சத் திறன் = 1 − (குளிர்ந்த பக்க வெப்பநிலை ÷ சூடான பக்க வெப்பநிலை). 227 டிகிரிக்கும் 27 டிகிரிக்கும் நடுவே ஓடும் எந்திரத்தின் உச்சத் திறனை செல்சியஸிலேயே வகுத்துப் போட்டால் 88 சதவீதம் வரும். கெல்வினுக்கு மாற்றினால் 500, 300, சரியான விடை 40 சதவீதம்.

என்ட்ரோபியை, கிளாசியஸ் 1865-இல் வைத்த பெயர் அது, "ஒழுங்கின்மை" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் ஒன்றும் புரியாது; ஒருமுறை எண் போட்டுப் பாருங்கள். போன வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி மாற்றம். 400 கெல்வினில் இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து 300 கெல்வின் தொட்டிக்கு 1,200 ஜூல் போகிறது. முதல் தொட்டி இழந்தது 1,200/400 = 3, இரண்டாவது பெற்றது 1,200/300 = 4, நிகரம் ஒரு ஜூல்/கெல்வின் கூடியது. திருப்பி ஓடினால் நிகரம் −1 ஆகும். ஆற்றல் கணக்கு பிசகாமல் நேராக இருந்தாலும் அது தானாக நடக்காது. இரண்டாம் விதி சொல்வது இதைத்தான்.

இப்போது வாய்மொழித் தேர்வில் பிடித்துக் கேட்கும் கேள்வி: வெப்பம் புகாத மூடிய அறையில் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்துவைத்தால் அறை குளிருமா? கோட்டைச் சுவரோடு போடுங்கள். உள்ளே வருவது மின்சாரம் மட்டும், வெளியே எதுவும் போகவில்லை, ஆக அறை சூடாகத்தான் ஆகும். ஃப்ரிட்ஜ் உள்ளிருந்து எடுத்ததையும் கம்ப்ரஸர் தின்றதையும் சேர்த்துத் தன் முதுகுப்பக்கக் கம்பிகள் வழியே அதே அறைக்குள்தான் கொட்டுகிறது. ஏசியின் வெளி யூனிட்டை ஏன் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுகிறார்கள் என்பதை, இதே கோட்டை வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள்.