கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகமாட்டேங்குது" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றுகிறதா? பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். திரை கருப்பாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

காரணம் இதுதான். பட்டனை அழுத்தியதும் வேலைகள் வரிசையாக நடக்கின்றன. முதலில் எஸ்எம்பிஎஸ் (பவர் கேபிள் வந்து சேரும் பெட்டி) மின்சாரம் கொடுக்கிறது. அடுத்து மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகை) உள்ள பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் விழித்து, பிராசசர் (கணக்குகளைச் செய்யும் சிப்), ராம் (தற்காலிக நினைவகம்), கிராஃபிக்ஸ் (திரைக்குப் படம் தரும் பகுதி) எல்லாம் இருக்கின்றனவா என்று சோதிக்கிறது. எல்லாம் சரி என்றால் டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து விண்டோஸை எழுப்புகிறது. உங்கள் கம்ப்யூட்டர் இதில் எந்தக் கட்டம் வரை வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அதற்கு முந்திய பாகங்களை முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் லோகோ வரை வந்து நிற்கும் கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். திரையில் ஏதாவது எழுத்து வந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக என்ன மாறியது என்று யோசியுங்கள்: இடம் மாற்றி வைத்தீர்களா, மின்சாரம் போய் வந்ததா, அப்டேட் ஓடியதா, புதிதாக எதையாவது செருகினீர்களா?

எந்த அசைவும் இல்லை என்றால்

லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை. அப்படியானால் மின்சாரத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் செருகியிருக்கும் அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் லேம்ப்பையோ போன் சார்ஜரையோ செருகிப் பாருங்கள். யுபிஎஸ் வழியாகப் போகிறது என்றால் அதை விட்டுவிட்டுச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். சிபியுவின் பின்பக்கம், பவர் கேபிள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. துடைக்கும்போது கை பட்டு அது மாறிவிடுவது உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தால், பவர் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கேபிளைச் செருகி ஆன் செய்யுங்கள். லேப்டாப்புக்கும் இதே வைத்தியம்தான், சார்ஜரைக் கழற்றிவிட்டு. மின்சாரம் ஏறி இறங்கிய பிறகு உயிர் இல்லாமல் கிடந்த சில கம்ப்யூட்டர்கள் இப்படி எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸோ மதர்போர்டோ போயிருக்கலாம். தீய்ந்த வாடை அடித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கேபிளைக் கழற்றிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு

இங்கேதான் பலர் பயந்து பணத்தை இழக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆன் செய்து ஓரிரு நிமிடம் கழித்து, கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைகிறதா? அப்படியானால் கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. மானிட்டரைப் பாருங்கள். அதன் இன்புட் (எந்தக் கேபிளிலிருந்து படம் வாங்குவது என்ற தேர்வு) மாறியிருக்கிறதா? கேபிள் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா? தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். மேலே மதர்போர்டில் இருக்கும் அதே மாதிரி ஓட்டையில் செருகினால் பல கம்ப்யூட்டர்களில் படம் வராது.

விளக்கு அசையவே இல்லை என்றால், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ராமைப் பார்க்க வேண்டியதுதான்.

என் பழைய டெஸ்க்டாப் ஒரு நாள் இப்படித்தான் நின்றது. பார்த்தவர் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். மனசு கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ராமைக் கழற்றிப் பார்த்தேன். அடிப்பக்கத் தங்க நிறப் பட்டைகளில் லேசாக ஒரு மங்கல், அவ்வளவுதான். பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்து மாட்டினேன், ஓடியது. அந்த மதர்போர்டு அதற்குப் பிறகும் நான்கு வருடம் உழைத்தது. அதனால்தான் இந்த ஒரு படியை மட்டும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

செய்வது இப்படி. பவர் கேபிளைக் கழற்றுங்கள். சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். பிராசசர் ஃபேனுக்குப் பக்கத்தில் ஸ்கேல் மாதிரி நிற்கும் பட்டைகள்தான் ராம். முனையில் இருக்கும் கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் அது மேலே எழும்பும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், தங்கப் பட்டைகளை விரலால் தொட வேண்டாம். மெல்லிய ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, துகளைச் சுத்தமாக உதறிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது கவனம் தேவை. ராமின் அடியில் நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு இருக்கும், ஸ்லாட்டில் அதற்கு ஒரு மேடு. இரண்டும் பொருந்தினால்தான் இறங்கும். பொருத்தி, இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். 'டக்' என்று கொக்கி தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். புதியவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். நேராக இருந்தால் கொஞ்சம் பலமாகவே அழுத்தலாம். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள், அப்புறம் மற்றொன்றை. எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

ஆன் செய்யும்போது 'பீப்' சத்தம் கேட்டால் எண்ணிக்கொள்ளுங்கள். பயாஸுக்குப் பயாஸ் அர்த்தம் மாறும், அதனால் உங்கள் மதர்போர்டு மாடலின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். புதிய மதர்போர்டுகள் சிலவற்றில் சத்தத்துக்குப் பதில் சிபியு (இங்கே பெட்டியல்ல, பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று எழுதிய நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எதில் நின்று எரிகிறதோ அங்கேதான் கோளாறு.

ஆன் ஆகி ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்தால், அது வேறு கதை. பிராசசர் ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

டிஸ்க் கிடைக்கவில்லை என்று எழுத்து வந்தால்

பூட் டிவைஸ் (விண்டோஸை எழுப்ப வேண்டிய டிஸ்க்) இல்லை என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். முதலில் செருகியிருக்கும் பென் டிரைவைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டர் அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம். பிறகு ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப் 2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். அதில் உங்கள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் பூட் வரிசையில் (எதில் முதலில் தேடுவது என்ற பட்டியல்) அதை முதலில் வையுங்கள். தெரியாவிட்டால் அதன் கேபிள்களைக் கழற்றி மாட்டுங்கள்.

தேதியும் நேரமும் பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான். அது தீரும்போது பூட் வரிசையும் மறந்துபோகலாம்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று தட்டுவது போல் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் படங்கள் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது.

விண்டோஸ் பாதியில் நின்றால்

அப்டேட் ஓடுகிறது என்று எழுத்து இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். பாதியில் அணைத்தால் சின்ன பிரச்சினை பெரிதாகும்.

அப்படி எதுவும் இல்லாமல் லோகோவிலேயே நின்றால், பவர் பட்டனை 10 நொடி அழுத்தி அணையுங்கள். ஆன் செய்து, லோகோ வந்ததும் இதே மாதிரி மறுபடி அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ரிப்பேர் திரை தானாக வரும். பழைய நினைப்பில் எஃப் 8 பட்டனைத் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் அது வழக்கமாக வேலை செய்வதில்லை.

அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போங்கள். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். பலிக்காவிட்டால், அப்டேட்டுக்குப் பிறகு வந்த பிரச்சினை என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதற்கும் சரியாகாவிட்டால், விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். இது உங்கள் படங்களையும் கோப்புகளையும் தொடாது. மிக அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் நுழைய ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4 என்ற எண்ணை அழுத்துங்கள். சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது என்றால் சமீபத்தில் போட்ட மென்பொருள் அல்லது டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) தான் காரணமாக இருக்கும், அதை நீக்குங்கள்.

நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டால் பதற வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு அது பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் உள்ளே நுழைந்து பார்க்கலாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றாலும் உடனே ஃபார்மேட் செய்து டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் கெட்டுப்போனால் திரும்பப் போடலாம், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை எங்கே போய் எடுப்பது? வேறொரு கம்ப்யூட்டரில், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸ் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) ஏற்றி, உங்கள் கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் எதுவும் செய்யாமலேயே டெஸ்க்டாப் திறக்கும். டிஸ்க்கைத் திறந்து, வேண்டியதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் இங்கேயும் அந்த 48 இலக்க எண் வேண்டும்.

வெளியே ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தால், ஒரு தாளில் இரண்டு வரி எழுதி சிபியுவின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள்: எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு வரி, 'என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம்' என்று இன்னொரு வரி.